ஆக்சுவலா ஒரு குறிப்பு

ஆங்கிலத்தில் ‘ஆக்சுவலி’ என்ற சொல்லுக்கு, கேட்பவர் ஒன்று நினைத்திருக்க உண்மை வேறாக இருந்தால்தான் பெரும்பாலும் வேலை. நம் ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. “ஆக்சுவலா இப்பதான் சாப்பிட்டேன்” என்றார் நண்பர். சாப்பிடவில்லை என்று யார் சொன்னது? அடுத்து, “ஆக்சுவலா உப்புமா.” உப்புமாவில் மறைக்க என்ன இருக்கிறது!

ஆனால் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆங்கிலேயரின் ‘லி’யைக் கழற்றிப் போட்டுவிட்டு, ‘மெதுவாக’ என்பதில் வரும் நம் ‘ஆக’வை, பேச்சில் சுருங்கி ‘ஆ’வாக, அங்கே ஒட்டியிருக்கிறோம். பேசிக்கலா, ஜெனரலா எல்லாம் இந்தப் பட்டறைச் சரக்குதான்.

“நான் ரொம்பப் பேசுறேனோ? இல்லைதானே?” என்று கேட்டார் நண்பர். இந்த இடத்தில்தான் அந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

“ஆக்சுவலா, ஆமாம்.”