நாற்சக்கர உந்தும் நற்சக்கரமும்: ஸ்டாக் வண்டிக்கு டயர் தேர்தல் குறித்த முன்னோட்ட ஆய்வு

தமிழில் குதிரைக்கு நூல் உண்டு, மாட்டுக்கு வாகடம் உண்டு, பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே உண்டு. ஷோரூமிலிருந்து புதிதாக இறங்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த டயர் மாட்டுவது என்பதற்கு மட்டும் நூல் இல்லை. இந்தக் குறையைப் பல்கலைக்கழகங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. டயர் கடைக்காரர்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். இலக்கணம் இல்லாத துறையில் கல்லாப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதே இலக்கணம்.

ஸ்டாக் வண்டி என்பது யாது? எனின், ஸ்பிரிங் உயர்த்தாதது, மட்கார்டு அறுக்காதது, பம்பர் மாற்றாதது, கம்பெனி கொடுத்தபடியே இருந்து தவணை மட்டும் தவறாமல் கட்டப்படுவது. இவ்வாய்வு 2020இல் வந்த மகிந்திரா தாரையும், 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஃபோர்ஸ் குர்க்கா கம்பெனியிலிருந்து வரும்போதே மூக்குக் குழாயோடு வருவதால் அதை ஸ்டாக் என்று கொள்ளலாமா என்ற சிக்கல் எழுகிறது. ஆகவே விலக்கப்பட்டது.

உண்மையை அறிய நம் முன்னோர் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் வகுத்தனர். டயர் விஷயத்தில் காண்டல் என்பது பக்கத்து அபார்ட்மெண்டில் நிற்கும் வண்டியைக் காண்பது. கருதல் என்பது அவனுக்கே அது இருந்தால் எனக்கு அதைவிடப் பெரியது வேண்டும் என்று கருதுவது. உரை என்பது கடைப் பையன் சொல்வது: “ஸ்டாக் டயரோட நின்னா வண்டி பொம்மை மாதிரி இருக்கு சார். எம்.டி. போட்டுப் பாருங்க, கெத்தே வேற.” இம்மூன்று அளவைகளாலும் பெறப்பட்ட அறிவே இன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் ஊளையிட்டுக்கொண்டு ஓடுகிறது.

இவற்றை ஒதுக்கிவிட்டு மூலத்துக்குப் போவோம். மூலம் டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு வாசிப்பவர் சுண்ணாம்பு தடவி, குனிந்து, தடவிப் படிப்பதுபோல இதையும் குந்தி உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். தாரின் விலை கூடிய எல்.எக்ஸ். வகையில் காணப்படும் பொறிப்பு: 255/65 ஆர் 18. இதற்கு உரை: 255 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு சைடுவாலின் உயரம் என்றவாறு, அதாவது 165.75 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 18 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் ஒருங்கே ஆளப்பட்டிருப்பது ஏன் என்று மாணவர் வினவலாம். இடைச்செருகல் என்பதே இவ்வாய்வாளனின் துணிபு.

அதையடுத்து வருவது பாரக் குறியும் வேகக் குறியும். ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரில் 96 எஸ் என்றிருந்தால், ஒரு டயர் 710 கிலோ தாங்கும், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை ஓடும் என்று பொருள். டயரின் மேல்முகத்தில் துருத்தும் பட்டனின் கம்பீரத்தில் மயங்கி நிற்பவர் இந்த எண்ணைப் பார்ப்பதேயில்லை. புதிய டயரின் பாரக் குறி கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. கல்வெட்டின் கடைசிப் பகுதி காலக் குறிப்பு. நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம் பிறந்தது. சோழர் கல்வெட்டில் ஆட்சியாண்டை வைத்துக் காலம் கணிப்பதற்கு அறிஞர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது சலுகை. அப்படியிருந்தும் மூன்று வருடம் குடோனில் தூங்கிய டயரைப் புதுசு என்று வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஒரு வியப்பு. அதே தாரின் விலை குறைந்த ஏ.எக்ஸ். வகைக்கு வந்தது 245/75 ஆர் 16. கணக்குப் போட்டால் அதன் சைடுவால் 183.75 மி.மீ. விலை கூடிய வண்டியைவிட 18 மி.மீ. அதிக ரப்பர். கல்லிலும் பள்ளத்திலும் அடி வாங்குவது அந்த ரப்பர்தான். ரிம்மையும் முதுகெலும்பையும் காப்பாற்றுவதும் அதுவே. அதாவது கூடுதலாகச் சில லட்சம் கொடுத்தவருக்குக் கிடைத்தது பளபளக்கும் பெரிய அலாயும் மெலிந்த சைடுவாலும். மேலும் பணம் சேர்த்து இருபது அங்குல அலாய் போடுகிறவர்களும் உண்டு. அவர்களின் வண்டி காட்டுக்குப் போவதற்காக வாங்கப்பட்டது என்பதை இனி ஆவணச் சான்று காட்டித்தான் நிறுவ வேண்டும். ரிம் சிறிதாவதே சிறப்பு. ஆனால் பிரேக் காலிப்பர் இடிக்கும் என்பதால் நினைத்த அளவுக்குச் சிறிதாக்க முடியாது.

டயர்கள் மூவகைப்படும்: எச்.டி., ஏ.டி., எம்.டி. எச்.டி. தார்ச்சாலைக்கு, எம்.டி. சேற்றுக்கு, ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. எம்.டி.யின் பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. சுழலும்போது சேற்றைத் துப்பிவிட்டு அடுத்த பிடிக்குத் தயாராகும். அதே இடைவெளிதான் தார்ச்சாலையில் ஊளையிடுகிறது, மழையில் நனைந்த தாரில் பிரேக் தூரத்தை நீட்டுகிறது. சேறு இருந்தால் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். சேறு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நிலத்தை ஐந்தாகப் பகுத்த மரபில் வந்தவர்கள் நாம். ஆகவே திணைவாரியாகத் தேடிப் பார்ப்போம்.

குறிஞ்சி. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு நாற்பது. எல்லாம் தார் போட்டவை. அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது, சில நாள் ஆட்டுக்குட்டியோடு. தாரை விட்டு இறங்கினால் காப்புக்காடு. அனுமதியின்றி நுழைந்தால் 1882ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வனச் சட்டம் காத்திருக்கிறது. அச்சட்டம் டயரின் பட்டன் ஆழத்தைக் கேட்பதில்லை. விதிவிலக்காகக் கொழுக்குமலையைச் சொல்வார்கள். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும், பாதை உண்மையிலேயே கல்லும் குழியும்தான். ஆனால் அங்கே நம்மை ஏற்றிப் போவது உள்ளூர் ஓட்டுநரின் பழைய ஜீப். நம் வண்டி நம் எம்.டி.யோடு கீழே நின்று மற்ற எம்.டி.களைப் பார்த்துக்கொண்டிருக்கும். துறை மாணவர்கள் அந்தப் பழைய ஜீப்புகளின் டயரைக் குனிந்து பார்ப்பதைக் களப்பணியாகக் கொள்ளலாம்.

நெய்தல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலிலும் உப்புநீரிலும் வேன்கள் தள்ளாடிப் போயின. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் அத்திணை எச்.டி.யின் ஆட்சிக்கு உட்பட்டது. மருதத்தில் சேறு தாராளம்; ஆனால் அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார், நாற்று நட்டிருக்கிறார், கையில் மண்வெட்டியும் வைத்திருக்கிறார். முல்லை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே காத்திருத்தலே ஒழுக்கம், டயர் தேவையில்லை.

எஞ்சியது பாலை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் இலக்கணம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய நகரச் சாலைகளைக் காணும் பேறு இளங்கோவடிகளுக்கு வாய்க்கவில்லை. கல், குழி, சேறு, இரும்புத் தகடு, தண்ணீர் லாரி எல்லாம் ஒருங்கே அமைந்த அந்நிலத்துக்கு ஏ.டி. போதும். சொல்லப்போனால் பொறுமையும் எச்.டி.யுமே போதும்.

எம்.டி.க்கு எதிராக வைத்த வாதம் அளவு விஷயத்தில் இன்னும் வலுக்கிறது. ஜிம்னியின் ஸ்டாக் டயர் 195/80 ஆர் 15. குறுக்களவு 693 மி.மீ. பலர் விரும்பும் அடுத்த படி 215/75 ஆர் 15, குறுக்களவு 703.5 மி.மீ. வித்தியாசம் பத்தரை மில்லிமீட்டர். ஆனால் டயர் தரையில் நிற்கிறது. அச்சு அதன் நடுவில் இருக்கிறது. ஆகவே வண்டி உயர்வது அதில் பாதி, 5.25 மி.மீ. ஐந்து டயரின் விலையைக் கொடுத்துப் பெற்ற இவ்வுயரத்தைப் பாதிக்கு மேல் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதிது மாட்டினாலும் ஏறக்குறையப் பெறலாம். இதை ஐந்தேகால் மில்லிமீட்டர்த் தேற்றம் என அழைக்க முன்மொழிகிறேன்.

இதில் அமையாதவர் 235/75 ஆர் 15க்குப் போகிறார். குறுக்களவு 733.5, கிட்டத்தட்ட ஆறு விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் நூறு என்று காட்டும்போது கணக்குப்படி வண்டி நூற்றாறை நெருங்கும். ஓடோமீட்டரோ ஓடிய தூரத்தைக் குறைத்து எழுதும். ஸ்டாக் உயரத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலோ சக்கரம் மேலே தூக்கினாலோ எங்காவது உரசும். கியர் விகிதமும் உயர்ந்துவிடுவதால் 1462 சி.சி. எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சக்கரத்தின் எடை கூடியதால் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேலை கூடும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் பாரத்தைக் கீல் சுமக்கும். இவ்வளவுக்கும் ஈடாகக் கெத்து உயர்கிறது என்பதை மறுக்கவில்லை. எந்த அலகில் உயர்கிறது என்பதை எதிர்த்தரப்பினர்தான் சொல்ல வேண்டும்.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பாரும் உளர். 1947இல் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்தக் குலத்துப் போர் ஜீப்பின் டயர் 6.00-16. அகலம் ஆறு அங்குலம், அதாவது 152 மி.மீ. வட ஆப்பிரிக்க மணலையும் பர்மாச் சேற்றையும் அந்த ஒல்லி டயர்தான் கடந்தது. அதன் கொள்ளுப்பேரன் அதைவிட 103 மி.மீ. அகலமான டயரோடு மால் பார்க்கிங்கில் நிற்கிறான், அது போதவில்லை என்றும் சொல்கிறான்.

ரிம் பற்றிச் சுருக்கமாக. போல்ட்டு வட்டம் பொருந்த வேண்டும். ஜிம்னிக்கு ஐந்து போல்ட்டு, 139.7 மி.மீ., அதாவது சரியாக ஐந்தரை அங்குலம். நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் வண்டி அகன்ற தோளோடு நிற்கும்; கூடவே வீல் பேரிங்குக்குப் பாரம் ஏறும், சேறு கதவில் கோலம் போடும். ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம்; அலாய் விரிசல் விட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். சட்டமும் இதில் தலையிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உடம்பை விட்டு வெளியே துருத்தும் சக்கரத்தை அடையாளம் காணப் போக்குவரத்து ஆய்வாளருக்கு டேப் தேவைப்படாது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனாலும் குற்றம்தான். அதை யாரும் கெத்துக்காகச் செய்வதில்லை, சிக்கனத்துக்காகச் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் ஃபோர் ஹையில் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொள்கின்றன. நான்கு டயரும் ஒரே சுற்றளவு இல்லையென்றால் அந்த வித்தியாசம் முழுவதும் கியர்களுக்குள் முறுக்காக ஏறும். ஆகவே இரண்டு மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்பது கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கி, ஐந்தையும் முறை வைத்துச் சுழற்றுங்கள்.

இத்தனை சொல்லியும் முதற்பொருளைச் சொல்லவில்லை. டயருக்கு முதற்பொருள் ரப்பரன்று, காற்று. சென்னைக்கு இதில் பழைய உறவு உண்டு: எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு பட்டறையாகத்தான் தொடங்கியது. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. காற்றை 18க்கு இறக்கினால் சுமார் 355. சைடுவாலின் விறைப்பு இதைச் சற்றுக் குறைக்கும். ஆனாலும் டயர் நீளவாக்கில் படர்ந்து மணலில் மிதக்கும், கல்லைத் தழுவும். தேரிக்காட்டுச் செம்மணலில் சிக்கிய வண்டியை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் இதுதான். செலவு இல்லை. வால்வு மூடியைத் திருகக் கை வேண்டும், காற்று இறங்கும்வரை சும்மா நிற்க மனம் வேண்டும். இரண்டாவது அரிது.

ஆகவே தீர்ப்பு: வண்டியோடு வந்த டயர் தேயும்வரை அதையே ஓட்டுங்கள். தேய்ந்தபின் அதே அளவில், அதே ரிம்மில், பாரக் குறி குறையாத ஏ.டி. ஐந்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு பிரஷர் கேஜும் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசரும் வாங்கி டிக்கியில் போடுங்கள். பூட்டு ரிம் இல்லாத வண்டியில் பதினைந்துக்குக் கீழே இறக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலை விட்டுத் தாரில் ஏறியதும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றை மறுபடி அடித்துவிட்டுக் கிளம்புங்கள். பதினெட்டில் வைத்துக்கொண்டு எண்பதில் போனால் சைடுவால் சூடேறிக் கிழியும்.