மாஸ்டர் வாயை மூடிக்கிட்டு நிக்கட்டும்

வா மருமகனே, உட்காரு. கோவில்பட்டியில ஒத்தை அடுப்பு வெச்சுக் கடலை மிட்டாய் போட்டவன், இப்ப மூணு அடுப்பு, பதினாலு ஆளுன்னு வளர்ந்துட்ட. கேட்கச் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா உன் பட்டறையில அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். "அண்ணாச்சி, எந்த மூட்டையைப் பிரிக்க?" "அண்ணாச்சி, மதுரைக்காரருக்குப் பழைய விலையா, புது விலையா?" "அண்ணாச்சி, டேப்பு எங்க இருக்கு?" நீ முதலாளியா, பஸ் ஸ்டாண்டு விசாரணை ஆபீசான்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டு.

கேட்டா, "எல்லாம் என் மண்டையில இருக்கு மாமா"ங்கிற. பத்திரமான இடந்தான். திருடன் வரமாட்டான். காய்ச்சல் வரும்.

சரி, எழுதி வைய்யின்னு சொன்னதுக்கு என்ன செஞ்ச? யாரோ ஒரு ஆலோசகர்கிட்ட காசு கொடுத்துத் தடிமனா ஒரு பைல் வாங்கிட்டு வந்த. எந்தப் பிஸ்கட் கம்பெனிக்கோ எழுதினதைப் பேரை மாத்திக் கொடுத்திருக்காரு. உன்கிட்ட இல்லாத குளிர் அறைக்கு ரெண்டு பக்கம். இருக்கிற பாகுச் சட்டிக்கு ஒரு வரி இல்லை. படிக்கல்லா வெச்சுக்கலாம்னா அதுக்கும் வழியில்லை. முத்திரை இல்லாத படிக்கல்லுக்கு அபராதம் போட்டுருவான்.

ஆலோசகர் தேவையில்லைய்யா. உன் பாகு மாஸ்டர் இருக்காருல்லா, அவருதான் உன் பைலு. வெல்லப் பாகு கொதிக்கையில ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, எடுத்துத் தட்டுல போட்டு, 'டக்'குனு சத்தம் கேட்டதும் சட்டியை இறக்குவாரு. கொஞ்சம் முந்தினா மிட்டாய் பல்லுல ஒட்டும், பிந்தினா கசக்கும். இது தெரிஞ்ச ஒரே ஆளு அவரு. அவரு வீட்டுல விசேஷம்னா உன் மூணு அடுப்பும் விடுமுறை.

அதனால இப்படிச் செய். ஒரு கிலோ கடலைக்கு எவ்வளவு வெல்லம், எவ்வளவு தண்ணி, எந்த நேரத்துல தீயைத் தணிக்கணும், எத்தனை தடவை சொட்டு விட்டுப் பார்க்கணும், எல்லாத்தையும் அவரைச் சொல்லச் சொல்லி அரைத் தாள்ல எழுது. அப்புறம் நேத்து சேர்ந்த பையன் கையில அந்தத் தாளைக் கொடுத்துச் சட்டி முன்னால நிறுத்து. மாஸ்டர் பக்கத்துல நிக்கட்டும். வாயைத் திறக்கக் கூடாது. பொறுக்க மாட்டாம "டேய், கிண்டுடா!"ன்னு எப்பக் கத்துறாரோ, அதுதான் தாள்ல விட்டுப்போன வரி. உடனே சேர்த்துரு. அவரு கத்தாம ஒரு சட்டி இறங்குச்சுன்னா, தாள் தேறிருச்சு. மாஸ்டருக்குச் சம்பளத்தையும் கூட்டு. இல்லேன்னா, "தொழிலை உருவிட்டு என்னை விரட்டப் பார்க்கான்"னு வேணும்னே ஒரு வரியை முழுங்கிருவாரு. நானா இருந்தாலும் முழுங்குவேன்.

அடுத்தது மூட்டை. புதுசா வந்த கடலையை முன்னால அடுக்கி, முன்னாலயே பிரிக்காங்க. பழசு பின்னால கிடந்து காறல் வாடை அடிக்கு. வந்த தேதியை மூட்டை மேல மையால எழுது. பழைய தேதி முதல்ல போகட்டும். டப்பாவுல 'பேட்ச் நம்பர்'னு ஒண்ணு அடிக்கியே, அது அழகுக்கா? எந்த மூட்டை, எந்தச் சட்டி, எந்தத் தேதின்னு ஒரு நோட்டுல அந்த நம்பருக்கு நேரா இருக்கணும். இருந்தா, சென்னையிலிருந்து ஒருத்தர் "பூசணம்"னு சொன்னா ஒரு சட்டிச் சரக்கை மட்டும் திருப்பி எடுக்கலாம். இல்லேன்னா ஒரு வாரச் சரக்குக்கும் கும்பிடு போட வேண்டியதுதான். 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு, மருமகனே. உன் பூசணத்துக்கு இல்லை.

இனி காசு. பட்டறை க்யூஆர் அட்டையில ஸ்கேன் பண்ணினா என் மகள் அக்கவுண்டுக்குப் பணம் போகுது. எனக்கு ஆட்சேபணை இல்லை! ஆனா மாசக் கடைசியில "லாபம் எங்க போச்சு"ன்னு நீ தலையைச் சொறியிறதைத்தான் பார்க்கச் சகிக்கலை. பட்டறைக்குத் தனிக் கணக்கு வை. நீயும் மாசச் சம்பளம்னு ஒண்ணு எடுத்துக்க. அதுக்கு மேல கல்லாவுல கை வெச்சா உன் பேருலயும் பற்று எழுது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமான்னு சும்மாவா சொன்னாங்க?

இதைக் கேட்டுட்டு நாளைக்கே பதினெட்டு நோட்டு வாங்கி, ஒன்பது வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிராதே. உன்னை எனக்குத் தெரியும். அப்புறம் மிட்டாய் போடுற ஆளை விடக் கையெழுத்துப் போடுற ஆளு கூடிரும். எந்தத் தப்பு ரெண்டாந் தடவை நடக்குதோ, அதுக்கு மட்டும் ஒரு தாள். தாளை பீரோவுல பூட்டாதே. வேலை நடக்கிற இடத்துச் சுவத்துல, கண்ணு மட்டத்துல ஒட்டு. யாரும் பார்க்காத தாளை ஆறு மாசத்துல கிழிச்சிரு.

அவ்வளவுதான். சரி, பேரனுக்குக் கால் கிலோ கட்டு. இந்தா காசு. மாமன்தானேன்னு வாங்காம விட்டியோ, நீ போடப் போற ஒழுங்குல முதல் ஓட்டை நாந்தான்.