மஞ்சள் சுவரும் ஒரு ரட்சகனும்: ஆறுதல் காதல் நாவல் எழுதுவோர்க்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஊர். கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணுக்குப் புதிதாக ஒருவன் வாய்த்து, மனக்காயம் ஆறி, சுபம் போடுகிற நாவலுக்கு ஊட்டி இனி ஆகாது. அங்கே ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேர் ஆறிவிட்டார்கள். புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம். நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து அழுது முடிக்க அது போதும்.

ஊருக்குள் எந்த இடம் என்பதில்தான் புதிதாக எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டுமே காயம் ஆறும். துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமன் ரோலான் வீதி. மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப்பலகை. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்துவிடாதீர்கள். வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் அழகுதான். ஆனால் அந்தத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா? வூட்டுக்காரர் வரலையா?" என்பார். கதை அங்கேயே படுத்துவிடும். லாஸ்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் முத்தியால்பேட்டையிலும் நிஜமாகவே அடி வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் நாயகியாக முடியாது. உள்ளூர்க்காரிகளுக்கு மஞ்சள் சுவர் வேலை செய்யாது. அவர்கள் சென்னைக்குப் போய்த்தான் ஆற வேண்டும். அதேபோல் இந்த ஊரில் சாராயக்கடை சட்டப்படி திறந்திருக்கிறது என்பதையும், அது மூடியபின் எத்தனை வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்பதையும் நாவலுக்குள் விடாதீர்கள்.

கோயில் காட்சி கட்டாயம். ஆனால் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் யானை லட்சுமி துதிக்கையைத் தூக்கி நாயகியை ஆசீர்வதிப்பதாக எழுதினால், கதை எந்த வருடம் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்துவிட்டாள். ஊரே அழுதது. வாசகர்கள் கணவனை மன்னிப்பார்கள், இந்தத் தவறை மன்னிக்கமாட்டார்கள்.

அடுத்து நாயகி. தழும்பு ஒன்று வேண்டும். புருவத்துக்கு மேலே, சின்னதாக, அட்டைப்படத்தைக் கெடுக்காத அளவில். மூன்றாம் நாள் மாலை, கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு, காந்தி சிலைக்குப் பின்னால் பாறை மேல் உட்கார்ந்து நாயகனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இதற்கு ஒரு சிறு இடைஞ்சல் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். உதவியும் கேட்காமல், யாரிடமும் சொல்லவும் செய்யாமல் இருந்தவர்கள் 77 சதவீதம். பெற்ற தாயிடம் சொல்லாததை, காபிக்கடையில் பார்த்த ஒருவனிடம் மூன்றே நாளில் சொல்லிவிட நம் நாயகியால் முடிகிறது. அவனுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

முன்னாள் கணவனை எழுதும்போது பலருக்கும் கைவருவது ஓர் அறை, ஒரு பெல்ட், ஒரு பாட்டில். கற்பனை அதற்குமேல் ஓடவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படியுங்கள். நம் நாவலாசிரியர்கள் பலரைவிட அதை எழுதியவருக்குக் குடும்பம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. உடல் வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை, பொருளாதார வன்முறை என்று பிரித்து, பிள்ளை இல்லை என்றும் ஆண்பிள்ளை இல்லை என்றும் குத்திப் பேசுவது, அவள் நகையை எடுத்து விற்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது வரை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு மாமியாரை மட்டும் சேர்த்துவிட்டால் தொடர்கதை தயார்.

இப்போது நாயகன். வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

முன்னாள் கணவன் அவள் கைபேசியைப் பிடுங்கி யாரோடு பேசினாள் என்று பார்ப்பான். நாயகனும் பிடுங்கிப் பார்ப்பான், ஆனால் "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பார்ப்பான். முன்னாள் கணவன் அலுவலக வாசலில் வந்து நிற்பான், அது வேவு. நாயகன் அதே வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்பான், அது காதல். அவன் இன்ன புடவைதான் உடுத்தவேண்டும் என்பான். இவன் இன்ன புடவையை வாங்கிவந்து, உடுத்திக்கொண்டு வரும்வரை வண்டியை எடுக்கமாட்டான். அவன் நாளுக்கு இருபது முறை அழைத்தான். இவனும் இருபது முறைதான் அழைக்கிறான், "சாப்ட்டியா?" என்று. அவன் அவளை அறைந்தான். இவன் கோபத்தில் அவள் தலைக்குப் பக்கத்துச் சுவரில் குத்துகிறான், கை வீங்குகிறது, அவள்தான் கட்டுப் போட்டுவிடுகிறாள். அவள் "வேண்டாம்" என்றபோது அவன் கேட்கவில்லை. இவனும் கேட்கவில்லை, பின்னணியில் வயலின்.

வாசகி குழம்பாமலிருக்க வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுங்கள். முன்னாள் கணவனுக்குத் தாடி இருக்கட்டும். நாயகனுக்கும் தாடிதான், ஆனால் சீப்புப் போட்ட தாடி.

இந்த ஊரின் பழைய காதல் கதையிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. 1908 முதல் 1918 வரை இங்கே இருந்த பாரதி எழுதிய 'குயில் பாட்டி'ல், காதலித்த குயில் குரங்கோடு கொஞ்சிப் பேசுவதைப் பார்த்த மாத்திரத்தில் காதலன் வாளை உருவிவிடுகிறான். பாரதி கெட்டிக்காரர், எல்லாம் கனவு என்று முடித்துக்கொண்டார். உங்கள் நாயகனுக்கு அந்த வசதி கிடையாது. முந்நூறு பக்கமும் அவன் விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

நாயகன் அவளுக்குத் தருவது பாதுகாப்பு என்பதை அத்தியாயத்துக்கு ஒரு முறையாவது சொல்லுங்கள். அதற்கு வரலாற்றுப் பெருமையும் இந்த ஊரிலேயே உண்டு. 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தரவேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலைத் தரவேண்டும் என்றது. (இந்த ஊரில் ஆயி மண்டபம் கட்டுவித்த நெப்போலியன் வேறு, இவர் அவருக்குப் பெரியப்பா.) 1881-இல் வந்த ஆணையைப் பயன்படுத்தி, சாதிக்கும் குடும்பத்துக்கும் உரிய பழைய சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு, இந்தச் சட்டத்துக்குள் வந்த புதுச்சேரிக்காரர்கள்தான் ரெனோன்சான்கள். அவர்களில் பலருக்கு அது தலை நிமிர்வு. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்குக் கீழ்ப்படிதல் மட்டும் மாறவில்லை. பிரான்ஸ் 1938-இல் மனைவியின் கீழ்ப்படிதலைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நம் ஆறுதல் நாவல்கள் இன்னும் 1804-இல் நிற்கின்றன: அவன் பாதுகாப்பான், அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். ரசீது மட்டும் தருவதில்லை.

பின்பற்றக் கூடாத முன்மாதிரிகளையும் சொல்லிவிடுகிறேன். பாலு மகேந்திராவின் 'மறுபடியும்' 1993-இல் வந்தது. கணவன் விட்டுப்போன ரேவதியை நல்லவரான அரவிந்த் சாமி திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறார். கணவனும் திரும்பி வருகிறான். ரேவதி இருவரிடமும் மறுத்துவிடுகிறார். விற்பனைக்கு ஆகாத முடிவு. மீனா கந்தசாமி 2017-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ' நாவலில் முற்போக்குப் பேராசிரியரான கணவன் அடிக்கிறான். அந்தப் பெண் தானே வெளியேறுகிறாள், கடைசிவரை ரட்சகன் எவனும் வரவில்லை. அமெரிக்காவின் கொலீன் ஹூவர் 2016-இல் எழுதி, 2024-இல் படமும் ஆன 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' விற்பனையில் மலை. ஆனால் அதிலும் ஒரு விஷமம்: அடிக்கப்போகிறவனை முதலில் நாயகன் போலவே காட்டி, படிப்பவரையும் அவன்மேல் ஆசைப்பட வைக்கிறார். நம் வாசகியர் அப்படிச் சந்தேகப்பட ஆரம்பித்தால் தொழில் என்ன ஆவது?

அடுத்து, எழுதவே கூடாத காட்சிகள். ஏனென்றால் ஆறுவது என்பது பெரும்பாலும் இவற்றில்தான் நடக்கிறது, இவற்றில் பாட்டு வைக்க முடியாது.

லாஸ்பேட்டையில் ஒற்றை அறை தேடுகிறாள். "ஃபேமிலிக்குத்தாம்மா தருவோம்" என்கிறார் வீட்டுக்காரம்மா. நாலாவது வீட்டில் அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தத்தில் தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். எழுதாதீர்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்க ஒரு நாள், ஆதாரில் கணவர் பெயரை எடுக்க ஒரு நாள், வங்கியில் நாமினியை மாற்ற ஒரு நாள். வேண்டாம். கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு வரிசையில் காலையிலேயே போய் நின்று, மருத்துவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லி, வாங்கிவந்த மாத்திரையில் அன்றிரவு விடிய விடியத் தூங்குகிறாள். மாத்திரையை எந்த வாசகியும் நாயகனாக ஏற்கமாட்டாள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்து, அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "சொல்லுங்கம்மா" என்றதும் வைத்துவிட்டு, மறுநாள் திரும்ப அழைப்பதும் அப்படியே.

நாயகன் ஒருவேளை இருந்தே தீருவான் என்றால் அவனுக்கும் இதேபோல் சோப்ளாங்கிக் காட்சிகள்தான் மிஞ்சும். குழம்பில் உப்பு கூடிவிடுகிறது. அவள் பதறி, தட்டை எடுக்க வந்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறாள். அவன், "தயிர் இருக்கா?" என்கிறான். காட்சி முடிந்தது. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு வண்டியில் கொண்டுவிடுகிறான். உள்ளே வரவா என்று கேட்கிறான், வேண்டாம் என்றதும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறான். எதிர்த்தரப்பு ஆள் அவனைக் கடந்து போகிறான், சண்டை இல்லை. அவள் வந்து, "அடுத்த வாய்தா ஆகஸ்ட்டுலங்க" என்கிறாள். "சரி, ஏறுங்க." இன்னொரு நாள், சினிமாவுக்குக் கிளம்பி நிற்கும்போது, "இன்னைக்கு வேணாங்க" என்கிறாள். ஏன் என்று கேட்காமல் போய்விடுகிறான். மறுநாள் சொன்ன நேரத்துக்கு வருகிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இதில் எங்கே 'தொடரும்' போடுவீர்கள்?

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் எழுதிய புத்தகத்தில் இந்த மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் உயிருக்கும் உடலுக்கும் பத்திரம். பிறகு நடந்ததை நினைத்துப் பார்த்து அழுவது. கடைசியில்தான் மறுபடி மனிதர்களோடு ஒட்டுவது. காதல் வந்தால் இந்தக் கடைசியில் வரும். நாம் அதை முதல் அத்தியாயத்தில் வைத்துவிட்டு, பத்திரத்தை இருபதாவது அத்தியாயத்தில், வில்லனை நாயகன் உதைக்கும்போது கொடுக்கிறோம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற பழக்கம் அவளுக்குப் பல வருடம் போகாது என்பதை ஒரே முத்தத்தில் சரிசெய்துவிடலாம்.

கல்யாணத் தேதி குறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தில் மனுக் கொடுத்தால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று எழுதியிருக்கிறது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறை நாள்காட்டி வேறு. விவாகரத்து தனி வழக்கு. தீர்ப்பு வந்த அன்று மாலையே தாலி கட்டவும் முடியாது. இந்து திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கான 90 நாள் கழிய வேண்டும், எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனால் அதுவும் முடிய வேண்டும். நாயகி ரெனோன்சான் குடும்பத்துப் பெண் என்றால் இன்னும் சிக்கல்: அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே புதுச்சேரிக்காகத் தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல வக்கீலைப் பாருங்கள், அல்லது ஆவணி முகூர்த்தத்தை விட்டுவிட்டுத் தை வரை கதையை இழுங்கள். பக்கம் கூடினால் நமக்குத்தானே நல்லது.

பிற்சேர்க்கையில் ஐந்து வருடம் கழித்து இரட்டைக் குழந்தைகள், ஆண் ஒன்று பெண் ஒன்று. அடுத்த நாவலுக்குக் கரு தேடி அலைய வேண்டியதில்லை. இந்த நாயகனையே கணவனாக வைத்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். கைபேசி, புடவை, வாசல், சுவரில் குத்து எல்லாம் ஏற்கெனவே எழுதியாயிற்று. தாடிக்கு மட்டும் சீப்பை நிறுத்திவிடுங்கள்.