நடுராத்திரி மாரத்தான்

பெண்கள் நள்ளிரவில் பயமில்லாமல் நடமாடும் காலம் வருமா?

நடமாட்டம் என்ன, ஓட்டமே ஓடிவிட்டார்கள்! 2019 தோகா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான் தொடங்கியது இரவு 11.59க்கு. பகல் வெயிலுக்குப் பயந்து இந்த ஏற்பாடு. அப்படியும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். நம்மூரில் ராத்திரி ஓடினால் நாய் துரத்தும். அங்கே புழுக்கம் துரத்தியது. புறப்பட்டவர்கள் 68 பேர், எல்லையைத் தொட்டவர்கள் 40 பேர். மற்றவர்களில் சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தங்கம் கென்யாவின் ரூத் செப்ன்கெடிச்சுக்கு: 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. மெடலோடு ஒரு டம்ளர் மோரும் கொடுத்திருக்கலாம்.

அதைப் பார்த்தாவது திருந்தினார்களா?

ஒலிம்பிக் கமிட்டி உஷாராகி, டோக்கியோ மாரத்தானை 800 கி.மீ. வடக்கே சப்போரோவுக்கு மாற்றியது. வெயிலும் அடுத்த ரயிலைப் பிடித்து அங்கே வந்துவிட்டது! முந்தின நாள் மாலையில், காலை 7 மணி ஓட்டம் 6 மணிக்கு என்று அறிவித்தார்கள். அலாரம் வைத்துவிட்டுப் படுத்தவர்கள் பாடு திண்டாட்டம்.

42 கி.மீ. ஓட்டம் பெண்களின் உடம்புக்கு ஆகாது என்கிறாரே என் கணவர்?

1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே கிடையாது. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் தங்கத்தை வென்ற ஜோன் பெனாய்ட்டின் நேரம் 2:24:52. மெல்போர்னில் 1956-ல் ஆண்கள் தங்கம் வென்ற அலைன் மிமூன் எடுத்துக்கொண்டது 2:25:00. உங்கள் வீட்டுக்காரரை முதலில் தெருமுனைவரை ஓடிவரச் சொல்லுங்கள்.