துளசி ஸ்டாண்டுக்கு எக்ஸ்ரே

திருவெறும்பூரில் குடியிருந்துகொண்டு வெல்டிங் மெஷின் வாங்க யோசனை கேட்பது, தை மாதம் திருவையாற்றில் போய் நின்று "எனக்குப் பாட்டு வருமா?" என்று கேட்பதற்குச் சமம். கேட்டு முடிப்பதற்குள் நாலு பேர் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பெல் பாய்லர் தொழிற்சாலை இங்கே 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் துணைப் பட்டறைகள். எங்கள் பகுதியில் கல்லெறிந்தால் ஒரு வெல்டர் மேல் விழும். உடைந்த கல்லை எந்த ராடு போட்டு ஒட்டலாம் என்று அவர் யோசிப்பார். நாட்டுக்கு 5ஜி வந்ததே 2022-ல்தான். எங்கள் தெருவிலோ 6ஜி முடித்து, பணி ஓய்வும் பெற்று, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குழாயை 45 டிகிரி சாய்வாக அசையாமல் நிறுத்திவைத்து, அதைச் சுற்றிக் குனிந்தும் மல்லாந்தும் பற்றவைத்துக் காட்டும் தேர்வுக்குத்தான் அந்தப் பெயர்.

இப்பேர்ப்பட்ட ஊரில் நான் ஒரு வணிகவியல் ஆசிரியர். என் தேவையோ மிகச் சிறியது. தேய்ந்த சைக்கிள் செயின், நட்டு, போல்ட்டு, பழைய ஸ்பேனர் இவற்றை ஒட்டிக் கொக்கும் ஆந்தையும் செய்ய ஆசை. வீட்டில் அனுமதி வாங்க வேண்டுமே என்று, துளசித் தொட்டிக்கு ஸ்டாண்டு என்ற பொதுநலத் திட்டம் ஒன்றையும் மனுவில் சேர்த்திருந்தேன்.

முதலில் போனது கடைசி வீட்டு மாமாவிடம். எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் பாய்லர் குழாய்களை ஆயுள் முழுக்கப் பற்றவைத்தவர். "ஆர்க் வெல்டிங்தான் வாத்தியாரே. 7018 ராடு போடுங்க. மத்ததெல்லாம் விளையாட்டு" என்றார். அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கத்துக்கு, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்று அர்த்தம். எங்கள் துளசித் தொட்டி மண்ணோடு சேர்த்து எட்டு கிலோ இருக்கும்.

7018-க்கு ஒரு சிக்கல் உண்டு. ஈரம் ஆகாது. பூச்சில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பற்றவைத்த இடம் பிற்பாடு விரிசல் விடும். அதனால் ஈரம் பட்ட ராடை 300 டிகிரிக்கு மேல் சுட வைத்து, வேலை முடியும்வரை சின்ன அடுப்புப் பெட்டியிலேயே சூடாக வைத்திருக்க வேண்டும். "மொட்டை மாடியில் வடாம் பக்கத்தில் காய வைத்தால் போதாதா?" என்று கேட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். என் போன்றவர்களுக்கு ஏற்றது 6013 என்பதைக் கடைக்காரரிடம்தான் தெரிந்துகொண்டேன். 60,000 பவுண்டு. கிரில் பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். சுலபமாகப் பற்றும், நெருப்பு சாதுவாக இருக்கும், மேலே படியும் ஸ்லாக் என்ற கசடு தட்டினால் உதிரும். பத்தாயிரம் பவுண்டு குறைகிறதே என்று துளசி கேட்கவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். அவருக்கு மிக் தவிர வேறு தெய்வம் இல்லை. "சார், துப்பாக்கி மாதிரி பிடிச்சு விசையை அமுக்குனா கம்பி தானா வரும். ராடு ஒட்டிக்கிற தொல்லை கிடையாது. ஸ்லாக் கிடையாது." சொன்னது அத்தனையும் உண்மை. மெல்லிய தகட்டுக்கு அதுபோல் வராது. ஆனால் உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் காப்பது, கூடவே பீய்ச்சும் கார்பன் டை ஆக்சைடு. நான் வேலை செய்யப்போவதோ மொட்டை மாடியில். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் கார்பன் டை ஆக்சைடு எம்மாத்திரம்? வாயு பறந்துவிட்டால் பற்றவைத்த இடம் பொத்தல் பொத்தலாக வரும். ஆர்க் ராடுக்கு அந்தக் கவலை குறைவு. மேல்பூச்சு எரிந்து அதுவே தன் வாயுவையும் ஸ்லாக்கையும் உண்டாக்கிக்கொள்ளும்.

சிங்கப்பூர் கப்பல் கட்டும் தளத்தில் இருக்கும் என் மைத்துனர், வாட்ஸ்அப்பில் டிக் வெல்டிங்கை முன்மொழிந்தார். படமும் அனுப்பினார். அடுக்கிவைத்த காசுபோல் வரிவரியாக, அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, காலில் பெடல், ஆர்கான் சிலிண்டர் தனி. அலுமினியம் ஒட்ட வேண்டுமென்றால் ஏசி, அதாவது மாறுதிசை மின்சார வசதியுள்ள மெஷின் வேண்டும், விலை எங்கோ போய்விடும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல். அந்தத் தோலை உடைக்கத்தான் ஏசி. நான் கொக்கை இரும்பிலேயே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கேஸ் வெல்டிங் பற்றி நான் வாயைத் திறந்ததும் வீட்டில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏங்க, மாங்காய் பழுக்க வைக்கப் போறீங்களா?" கார்பைட் கல்லில் தண்ணீர் பட்டால் வருவது அசிட்டிலீன். அதை வைத்து மாம்பழம் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3,000 டிகிரிக்கு மேல் போகும் சுடர். இந்த ஒரே டார்ச்சை வைத்து வெட்டலாம், ஒட்டலாம், வளைக்கலாம். பழைய காலத்துப் பட்டறைக்காரர்கள் ஏன் அதை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அசிட்டிலீன் கோபக்கார வாயு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டினால் ஆக்சிஜன் துணையில்லாமல் தானே வெடிக்கக்கூடும். அதனால்தான் சிலிண்டருக்குள் அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள்; படுக்கப் போட்டால் அசிட்டோன் வெளியே வரும். சமையல் கேஸுக்கே படுக்கும்முன் ரெகுலேட்டரைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் வீட்டில், இன்னும் இரண்டு சிலிண்டரை மாடிப்படிக்குக் கீழே நிறுத்துவது நடக்கிற கதையில்லை. தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. குரல் ஒன்றுதான்.

உண்மையில் என் கண்ணைத் திறந்தவர் இவர்கள் யாரும் இல்லை. தெருமுனை ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கையடக்க டார்ச்சில் செம்புக் குழாயைச் சிவக்க வைத்து, ஒரு குச்சியைத் தொட்டார். தொட்ட இடத்திலிருந்து உலோகம் இணைப்பைச் சுற்றி ஓடி, தானே நின்றது. அடிக் குழாய் உருகவே இல்லை. இதுதான் பிரேசிங். 450 டிகிரிக்கு மேல் உருகும் இணைப்பு உலோகத்தை, அதைவிட உயர்ந்த சூட்டில் உருகும் துண்டுகளுக்கு நடுவே ஓட விடுவது. 450-க்குக் கீழே என்றால் அது சால்டரிங், ரேடியோ ரிப்பேர்.

நகைக்கடைப் பத்தர்கள் ஊதுகுழலை வாயில் வைத்து, வெண்காரம் தடவி, தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலைக்குத்தான் நாம் இப்போது டார்ச் வாங்கப் போகிறோம். பழைய ஹெர்குலிஸ் வகைச் சைக்கிள்களின் சட்டமும் வெல்டிங் கிடையாது; குழாய்களை லக்கில் செருகிப் பித்தளை ஓடவிட்டது. பின்னால் அரிசி மூட்டை, முன்னால் பையன் என்று ஏற்றிக்கொண்டு அது ஓடியதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆகவே பிரேசிங் பலமில்லாதது என்று மாமா சொல்லும்போது நான் சைக்கிளைக் காட்டுவேன்.

இரும்பில் பித்தளை ராடு ஓடும்போது கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வெண்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக உப்பும். சூடு ஏற ஏற அடங்கி, கண்ணாடிபோல் வழுவழுப்பாகும். இரும்பு நல்ல சிவப்புக்கு வந்திருக்கும். அப்போது ராடைச் சுடரில் காட்டாமல் இரும்பில் தொட வேண்டும். சூடு போதவில்லை என்றால் பித்தளை உருண்டையாகத் திரண்டு கோபித்துக்கொள்ளும். போதும் என்றால் ஒரு கணத்தில் மஞ்சளாகப் படர்ந்து இடுக்குக்குள் போய்விடும். இடுக்கு தாள் தடிமன்தான் இருக்க வேண்டும். எண்ணெய், துரு ஒரு துளி இருக்கக் கூடாது. பழைய செயினில் எண்ணெய் இல்லாத இடம் எது என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வைத்திருப்பது செம்பு-பாஸ்பரஸ் குச்சி. செம்போடு செம்புக்கு வெண்காரம்கூட வேண்டாம். அதையே இரும்பில் போட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மையாகிவிடும், பிடிக்காது. இரண்டாவது, சின்ன எல்பிஜி டார்ச்சின் சூடு மெல்லிய துண்டுகளுக்கே போதும். கனமான ஸ்பேனரைச் சிவக்க வைக்கப் போனால், சிலிண்டர் தீரும், ஸ்பேனர் வெதுவெதுப்பாக இருக்கும். சுற்றிலும் தீக்கல் அடுக்கிச் சூட்டைத் தேக்கினால் ஓரளவு ஈடுகொடுக்கும்.

எனவே எடையுள்ள வேலைக்கு இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் என்று முடிவாயிற்று. பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை நகர்த்த ஆள் வேண்டும். இது தோளில் தொங்கும். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 70, 80 ஆம்பியர் போதும். அதற்கு வீட்டு ஏசி போடும் 16 ஆம்பியர் பிளக் ஈடுகொடுக்கும். விளம்பரத்தில் 400 ஆம்பியர் என்று போட்டு வரும் கைப்பெட்டிகளைப் பார்த்தால், அத்தனை மின்சாரத்துக்கு அவர்களே துணைமின் நிலையமும் அனுப்புவார்களா என்று கேட்கத் தோன்றும். பெட்டியின் முதுகில் உள்ள தகட்டைப் படியுங்கள். 60 சதவீதம் என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் ஆம்பியர்தான் அதன் உண்மைச் சம்பளம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த அளவில் ஓடும், நாலு நிமிடம் ஓய்வு. மேலே எழுதியிருப்பது கல்யாணப் பத்திரிகைச் சம்பளம். இந்தக் கணக்கையும் 40 டிகிரி வெப்பநிலைக்குத்தான் போடுகிறார்கள். மே மாதத் திருச்சியில் மெஷினும் நானும் ஒரே கொள்கையைக் கடைப்பிடிக்கிறோம்.

ஸ்டாண்டு தயாரானதும் மாமா தரப் பரிசோதனைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிப்பிங் சுத்தியலால் லேசாகத் தட்டினார். ஸ்லாக் பட்டையாக உரிந்து விழுந்தது. மடிப்பு ஓரத்தில் நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் நின்றது.

"அண்டர்கட் இருக்கு. எக்ஸ்ரேல நிக்காது."

"மாமா, இது மேல துளசி வைக்கப் போறோம்."

"வைங்க. ஆனா எக்ஸ்ரேல நிக்காது."

மெஷினைப் பற்றி இவ்வளவு பேசியவர்களில் யாரும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கண்ணில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். ஊரில் அதற்கு உருளைக்கிழங்கு வில்லை வைத்தியம் உண்டு. எரிச்சல் வராமலிருக்க உருளைக்கிழங்கால் ஆகக் கூடியது ஒன்றுமில்லை. வெளிச்சம் பட்டதும் தானே இருளும் முகமூடி இப்போது கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. ராடு இரும்பைத் தொடும்வரை வேலை கண்ணுக்குத் தெரியும் என்பதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். 10, 11 ஆம் எண் இருட்டுக்கு இருளும் முகமூடியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜி.ஐ. பைப்பின் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஜி.ஐ. பைப்பில் கை வைக்காதீர்கள். பாலியெஸ்டர் சட்டையும் வேண்டாம். பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டும், அந்தப் பிரேசிங் நமக்குத் தேவையில்லை.

ஒரே ஒரு ஸ்டாண்டுதான் வேண்டும் என்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம். கிரில் பட்டறையில் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து தந்துவிடுவார்கள், எக்ஸ்ரேயிலும் நிற்கலாம். இல்லை, கொக்கு செய்தே தீருவேன் என்கிறவர்கள் கடைக்குப் போனதும் முதலில் முகமூடியும் தோல் கையுறையும் எடுத்து வையுங்கள். மிச்சப் பணத்துக்கு வருகிற மெஷினே போதும்.