கல்லனுப்பியல்

மாணாக்க, கேள். வியாழன் ஞாலத்தைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு நிறையுடையது. அப்பெருங்கோள், தனக்கும் செவ்வாய்க்கும் இடையே திரியும் கற்களை நம்பால் அனுப்பும் வினையை ஆயும் துறை கல்லனுப்பியல் எனப்படும். ஞாயிற்றுக்கும் ஞாலத்துக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு கோல் எனக் கொள்க. அனுப்பு மூவகைத்து. அனுப்பப்பட்ட கல் அதற்கு இசைந்ததா என்னும் வினா இவ்வியலுக்குப் புறம்பு.

1. ஒத்தனுப்பு: கல்லின் சுற்றும் வியாழனின் சுற்றும் சிற்றெண் அளவில் ஒத்துவரின் நிகழ்வது. ஊசலை உரிய பொழுதில் தள்ளுவார்போல, வியாழன் தன் ஈர்ப்பை அதே நிலையில் மீளமீள இடும். வட்டத்தை ஒத்த வழி நீளும். இஃது எண்ணால் விரியும்.

1அ. மும்மையொருமை: வியாழன் ஒருமுறை சுற்றுமுன் கல் மும்முறை சுற்றுவது, 2.5 கோலில் உள்ளது, தலையாயது. கல்லின் வழி முதலில் செவ்வாயின் வழியை வெட்டும், பின் நம்முடையதை. இங்குக் கற்கள் அருகியிருத்தலை 1866இல் சுட்டியவர் அமெரிக்கரான கிர்க்வுட். இல்லாத கற்களை எண்ணிய அவரே இத்துறையின் முதல்வர்.

அற்றேல், அனுப்பித் தீர்ந்த இடத்திலிருந்து மேலும் கல் வருதல் எங்ஙனம் எனின், வெயிலில் காய்ந்த கல் அவ்வெப்பத்தை உமிழுங்கால் சிறிதே நகரும்; நெடிது நகர்ந்து அவ்விடைவெளியுள் புகும். இதனை வெயில்நகர்வு என்க.

1ஆ. ஐயிருமை: 2.82 கோலில் உள்ளது. கற்கள் பெரும்பாலும் வியாழன்பாலே சென்று வெளியே எறியப்படும். நமக்கு எஞ்சுவன சில. கடையாயது.

1இ. இருமையொருமை: 3.28 கோலருகே. பெயரிட்டமை போதும்.

2. கூட்டனுப்பு: கல்லின் நீள்வட்டம் மெல்லத் திரும்பும் விரைவு, காரியின் நீள்வட்டம் திரும்பும் விரைவோடு ஒத்தால் நிகழ்வது. (காரியைச் சனி என்பாரைத் திருத்துக.) கற்கூட்டத்தின் உள்விளிம்பில், 2.1 கோலருகே உள்ளது. இது காரியியலின்பாற்படும் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? கல்லின் வழியைத் திருப்புவதில் பெரும்பகுதி வியாழனுடையது ஆகலின்.

3. நேரனுப்பு: அருகு வந்ததை ஒரே வீச்சில் திருப்புவது. 1767இல் வியாழனை அணுகிய வால்வெள்ளி ஒன்று உள்நோக்கித் திரும்பி, 1770 சூலை முதல் நாள், நிலவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தொலைவில் நம்மைக் கடந்தது. கண்டவர் மெசியே, கணக்கிட்டவர் இலெக்சல். பெயர் கணக்கிட்டவருக்கே வாய்த்தது; முறைதான். 1779இல் மீண்டும் வியாழனை அணுகி வெளியே எறியப்பட்டது. ஆகலின் இது வரவனுப்பு, செலவனுப்பு என இரண்டாம். வால்வெள்ளி கல்லாகுமோ எனின், வாலொழித்து நோக்குக.

வியாழனைக் காவற்கோள் என்பார், 1994இல் அது சூமேக்கர்–இலெவி வால்வெள்ளியைத் தன்மேல் வாங்கிக்கொண்டமையைக் காட்டுவர். அஃது அனுப்பன்று, ஏற்பு. கல்லேற்பியலுள் வைத்து உரைக்கப்படும். தேர்வில் அதனை இங்கு எழுதினால் மதிப்பெண் இல்லை.