கல்லு மழுங்கினா துப்பாக்கியை ஏன்லே ஏசுதே?

ஏலே, பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போனவனே! கிறிஸ்மஸ் கழிஞ்சதும் அங்க கல்லுத் துப்பாக்கிக்குன்னே தனியா மான் வேட்டைக் காலம் உண்டாமே. 1974லேர்ந்து நடக்காம். நீயும் லைசென்ஸ் எடுத்துட்டே. பூட்ஸு, தொப்பி, விதவிதமா எண்ணெய் டப்பா, ஒண்ணு விடலை. ஆனா கல்லைப் பிடிச்சிருக்க குதிரை விழுது, வெடி கேக்கலை. உடனே லாக்கைக் கழட்டி மேசையில பரப்பி போட்டோ அனுப்புதே. யாருலே உன்னைக் கழட்டச் சொன்னா?

மொதல்ல கல்லைப் பாத்தியா? பொறி கல்லுலேர்ந்து பறக்குன்னுதானே நெனச்சே? கல்லு எஃகுத் தகட்டைச் சீவுதுலே. அந்தச் சீவல் எரியுததுதான் பொறி. மழுங்கின அரிவாளை வச்சுக்கிட்டு வாழைமரத்தை ஏசுவியா? விளிம்பை லேசாத் தட்டிக் கூராக்கு, இல்லேன்னா வேற கல்லு மாத்து. கல்லைச் சுத்தித் தோல் வை. ஆடாம இறுக்கு. விளிம்பு முழுசும் தகட்டுல ஒண்ணாப் படணும். ஒரு ஓரம் மட்டும் பட்டா பொறியும் ஓரமாத்தான் விழும்.

அப்புறம் அந்த எண்ணெய். காசு கொடுத்து வாங்கினதாச்சேன்னு கல்லு, தகடு, மருந்துக் கிண்ணி எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டே. எண்ணெய் பூசின தகட்டுல பொறி எங்கலே வரும்? துணி எடுத்துத் துடை. உள்ள உரசுத எடத்துக்கு ஒரு சொட்டு போதும்.

பொறி விழுது, கிண்ணி மருந்து புஸ்ஸுன்னு எரியுது, குழல் வாயைத் தொறக்கலை. அப்படின்னா கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவுல இருக்க பத்துவாய் ஓட்டை அடைச்சிருக்கு. வெள்ளைக்காரப் பட்டாளத்தான் பிரவுன் பெஸ்ஸுங்குத கல்லுத் துப்பாக்கியை நூறு வருசத்துக்கு மேல தூக்கினான். அவன் மார்வாருல என்ன தொங்குச்சு தெரியுமா? குட்டி பிரஷ்ஷும், ஓட்டையக் குத்த ஒரு ஊசியும். உன் பையில எண்ணெயே அத்தனை டப்பா இருக்கே, ஊசி இருக்கா? ஆனா வெடிக்கலையேன்னு ஒடனே வாயில கண்ணை வச்சுப் பாக்காதே. தாமசமா வெடிச்சுத் தொலைக்கும். ஆள் இல்லாத பக்கம் நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நல்லாப் பொறு. அப்புறம் குத்து.

கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல பொடியாத்தான் தங்கும். அது ஈரத்தை இழுக்கும். உங்க ஊருப் பனிக்குக் கேக்கவா வேணும்? கிண்ணியில சேறு கட்டிரும். அப்பப்பத் துடை. வீட்டுக்கு வந்ததும் குழலுக்கு வெந்நீரும் சோப்பும் போடு. நல்லாக் காயவிட்டு, லேசா எண்ணெய் தடவு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு சாத்தி வச்சே, காலையில துருவைத்தான் தடவணும்.

வீட்டுல பழகணும்னா மருந்தில்லாத துப்பாக்கியில, கல்லு இருக்க எடத்துல மரத்துண்டை வச்சுப் பழகு. வெறும் குதிரையை டப்பு டப்புன்னு அடிக்காதே.

இன்னொண்ணு. குதிரை அரை இழுப்புல நிக்காம வழுக்கினா அதுக்கு மேல அதைத் தொடாதே. வீடியோ பாத்து அரத்தை எடுத்தே, கையை ஒடிச்சுப் போடுவேன். தகடு மிருதுவாப் போச்சுன்னாலும் அப்படித்தான், துப்பாக்கி ஆசாரிகிட்ட போ. கூலி கேப்பான். குடு. அந்த பூட்ஸுக்கு நீ கொடுத்த காசை விடவா கேட்டுரப் போறான்?